ஒரே நாசில், இரண்டு தெளிப்பான்: மாற்றி மாட்டினால் மருந்தின் அளவும் மாறும்

கைத்தெளிப்பான் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர் இப்போது பேட்டரி தெளிப்பானும் வாங்கியிருக்கிறார்கள். அதற்காகப் பழையதை ஒதுக்கிவிடுவதில்லை. பேட்டரியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி வயலை முடிக்கிறார்கள். சில குடும்பங்களில் அண்ணன் வீட்டில் ஒரு தெளிப்பானும் தம்பி வீட்டில் ஒரு தெளிப்பானும் இருக்கும். ஆனால் மருந்தைச் சீராகச் சிதறவிடும் நல்ல நாசில் ஒன்றுதான் இருக்கும். டவுனுக்குப் போனபோது தேடி வாங்கிய அந்த நாசில், காலையில் அண்ணன் வயலுக்கும் மாலையில் தம்பி வயலுக்கும் போய் வரும்.

இப்படிப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. மரை பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. துப்பாக்கியில் குறி பார்க்கும் தொலைநோக்கி ஒன்றை இரண்டு துப்பாக்கிகளுக்கு மாற்றி மாற்றிப் பொருத்துகிறவர், ஒவ்வொரு முறையும் குறியைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துவார். ஒன்றில் சரியாக இருந்த குறி மற்றதில் சரியாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நாசிலும் அப்படித்தான். கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சரியாக இருந்த அளவு, பேட்டரி தெளிப்பானில் சரியாக இருக்காது. நாசிலை மாற்றி மாட்டும்போதெல்லாம் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும்.

நாசில் செய்யும் மூன்று வேலைகள்

தெளிப்பானில் மிகச் சிறிய பாகம் நாசில். ஆனால் மருந்து பயிரில் எப்படி விழுகிறது என்பதை முடிவு செய்வது அதுவே. முதலாவதாக, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் வெளியேற வேண்டும் என்பதை அதன் துளை முடிவு செய்கிறது. இரண்டாவதாக, அந்த நீரைச் சிறு துளிகளாக உடைக்கிறது. மூன்றாவதாக, அந்தத் துளிகளை விசிறி போலவோ கூம்பு போலவோ விரித்து விடுகிறது.

இந்த மூன்று வேலைகளையும் நாசில் தனியாகச் செய்வதில்லை. பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தே மூன்றும் அமையும். அழுத்தத்தைக் கொடுப்பது தெளிப்பான். எனவே தெளிப்பான் மாறினால் நாசிலின் வேலையும் மாறுகிறது.

கைத்தெளிப்பானில் சாதாரணமாகக் கைப்பிடியை அடிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 கிலோ வரை அழுத்தம் கிடைக்கும். கை ஓய்ந்தால் அதற்கும் கீழே இறங்கிவிடும். பேட்டரி தெளிப்பானில் 4 கிலோ வரையிலும், இரட்டை மோட்டார் வைத்த சில வகைகளில் அதற்கு மேலும் அழுத்தம் கிடைக்கும். எஞ்சின் பொருத்திய விசைத் தெளிப்பானில் 20 கிலோவுக்கு மேலும் போவதுண்டு.

கடைகளில் கிடைக்கும் விசிறி வடிவ நாசில்களில் உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட நிறக் குறியீடு உண்டு. பச்சை நிறம் நிமிடத்துக்கு 0.6 லிட்டர், மஞ்சள் 0.8 லிட்டர், நீலம் 1.2 லிட்டர், சிவப்பு 1.6 லிட்டர் என்று பொருள். ஆனால் இந்த அளவுகள் 3 கிலோ அழுத்தத்தில் மட்டுமே சரி. அதே மஞ்சள் நாசில் 2 கிலோ அழுத்தத்தில் சுமார் 650 மில்லியும், 4 கிலோ அழுத்தத்தில் சுமார் 920 மில்லியும் வெளியேற்றும். நிறத்தை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

அழுத்தம் இரண்டு மடங்கானால் வெளியேறும் நீர் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்காகிறது. அழுத்தம் நான்கு மடங்கானால்தான் நீர் இரண்டு மடங்காகும். இந்தக் கணக்கு எல்லா நாசிலுக்கும் பொதுவானது.

மூடிக் கணக்கில் வரும் நஷ்டம்

ஒரு குடும்பத்தில் அண்ணனிடம் கைத்தெளிப்பானும் தம்பியிடம் பேட்டரி தெளிப்பானும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் டேங்க் 16 லிட்டர். நாசில் ஒன்றே. அண்ணனின் தெளிப்பானில் அது நிமிடத்துக்கு 1 லிட்டர் வெளியேற்றுகிறது. அவர் நிமிடத்துக்கு 40 மீட்டர் நடக்கிறார். மருந்து விழும் அகலம் 1 மீட்டர். அப்படியானால் நிமிடத்துக்கு 40 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட் முடிகிறது. 100 சென்ட் கொண்ட ஓர் ஏக்கருக்கு 100 நிமிடமும் 100 லிட்டர் நீரும் ஆகும்.

மருந்து டப்பாவின் சீட்டில் ஏக்கருக்கு 400 மில்லி என்று இருந்தால், 16 லிட்டர் டேங்குக்கு 64 மில்லி ஊற்ற வேண்டும். அண்ணன் இதை அளந்து பார்த்துத் தம் மருந்து மூடிக்கு இத்தனை மூடி என்று மனத்தில் வைத்திருக்கிறார். இதுவரை கணக்கு சரி.

இப்போது நாசில் தம்பியிடம் போகிறது. அவருடைய தெளிப்பானில் அழுத்தம் இரண்டு மடங்கு. நாசில் நிமிடத்துக்கு 1.4 லிட்டர் வெளியேற்றுகிறது. அதே நடை, அதே அகலம் என்றால் ஏக்கருக்கு 140 லிட்டர் ஆகிறது. "ஒரு டேங்குக்கு எவ்வளவுண்ணே?" என்று தம்பி கேட்க, அண்ணனும் தம்முடைய 64 மில்லிக் கணக்கையே சொல்லிவிடுகிறார். முடிவில் தம்பியின் ஒரு ஏக்கரில் விழுந்தது 400 மில்லி அல்ல, 560 மில்லி. நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல். அந்தப் பணம் வீண். களைக்கொல்லியாக இருந்தால் பயிரும் கருகும். காய்கறியாக இருந்தால் விளைபொருளில் நஞ்சு மிஞ்சும்.

தம்பி அளந்து பார்த்திருந்தால் அவருடைய டேங்குக்கு 46 மில்லி போதும் என்பது தெரிந்திருக்கும். ஒரே மருந்து, ஒரே அளவு டேங்க், ஒரே நாசில். ஆனால் ஒருவருக்கு 64 மில்லி, மற்றவருக்கு 46 மில்லி.

மறுபக்கமும் இப்படியே நஷ்டம் வரும். தம்பியின் 46 மில்லிக் கணக்கைக் கைத்தெளிப்பானில் பின்பற்றினால் ஏக்கருக்கு 290 மில்லிகூட விழாது. புழு பாதி சாகும், பாதி பிழைக்கும். "மருந்து சரியில்லை" என்று கடைக்காரர் மேல் குறை சொல்லிவிட்டு, வேறொரு மருந்தை வாங்கி மறுபடி அடிப்பார்கள். பிழைத்த பூச்சிகள் மருந்தைத் தாங்கும் சக்தியை வளர்த்துக்கொள்ள இதுவும் ஒரு வழி.

லிட்டருக்கு 2 மில்லி என்று சீட்டில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். கரைசலின் வீரியம் சரியாக இருந்தாலும், ஏக்கருக்கு விழும் கரைசல் கூடினால் மருந்தும் கூடத்தான் செய்யும். ஆகவே ஏக்கருக்கு எவ்வளவு நீர் என்று சொல்லியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துளி சிறுத்தால் காற்றோடு போகும்

அழுத்தம் கூடும்போது துளியின் அளவு சிறுத்துவிடுகிறது. ஒரு துளியின் விட்டம் பாதியானால், அதே நீரில் எட்டு மடங்கு துளிகள் உண்டாகும். பூச்சி மருந்துக்கு நுண்ணிய துளிகள் ஓரளவு நல்லது. இலையின் அடிப்புறம் வரை படியும். ஆனால் மிகவும் நுண்ணியதானால் பயிரில் படியாமல் புகை போல மிதந்து, அடுத்த வயலுக்கும் அடிப்பவரின் முகத்துக்கும் போய்ச் சேரும்.

2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் பலர் நஞ்சேறி இறந்தனர். பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்தார்கள். பாதுகாப்பு உடை இல்லை. இவற்றோடு, நுண்ணிய துளிகளாக வேகத்துடன் பீய்ச்சும் புதிய வகைத் தெளிப்பான்களும் ஒரு காரணமாகப் பேசப்பட்டன. பழைய தெளிப்பானில் பழகிய கை, புதிய தெளிப்பானிலும் அதே முறையில் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

களைக்கொல்லிக்குக் குறைந்த அழுத்தமும் பெரிய துளியும் வேண்டும். கைத்தெளிப்பானில் களைக்கொல்லிக்கு நன்றாக வேலை செய்த விசிறி வடிவ நாசிலைப் பேட்டரி தெளிப்பானில் மாட்டினால், அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்து அதைக் குறைத்து வைக்க வேண்டும். எந்த இடத்தில் வைத்தால் சரியாக இருக்கிறதோ, அங்கே பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு சென்ட் முறையில் அளப்பது எப்படி?

கணக்குப் போடச் சிரமப்படுபவர்களும் எளிதாகச் செய்யக்கூடிய முறை இது. மருந்து கலக்கக் கூடாது. நன்றாகக் கழுவிய தெளிப்பானில் வெறும் தண்ணீரைக் கொண்டே செய்ய வேண்டும்.

1. வயலில் 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் அளந்து நான்கு மூலையிலும் குச்சி நட வேண்டும். இது 40 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு சென்ட்.

2. தெளிப்பானைச் சமதரையில் வைத்து, டேங்கில் ஒரு குறி வரை தண்ணீர் நிரப்ப வேண்டும்.

3. மருந்தடிக்கும் ஆளே தெளிப்பானை மாட்டிக்கொண்டு, வழக்கமான நடையில், வழக்கமான உயரத்தில் நாசிலைப் பிடித்து, அந்த ஒரு சென்ட்டையும் ஒரே சீராக நனைக்க வேண்டும். அளப்பதற்கு ஒருவரும் அடிப்பதற்கு வேறொருவரும் என்றால் அளவு மாறிவிடும்.

4. தெளிப்பானைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்து, அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றி மீண்டும் அதே குறி வரை நிரப்ப வேண்டும். எத்தனை மில்லி ஊற்றினோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

5. ஒரு சென்ட்டுக்கு 1 லிட்டர் பிடித்தால் ஏக்கருக்கு 100 லிட்டர். 1,400 மில்லி பிடித்தால் 140 லிட்டர். சென்ட்டுக்கான அளவை 100-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான நீர் தெரிந்துவிடும்.

6. ஏக்கருக்கான மருந்தை ஏக்கருக்கான நீரால் வகுத்து, டேங்கின் கொள்ளளவால் பெருக்கினால் ஒரு டேங்குக்கு ஊற்ற வேண்டிய மருந்து கிடைக்கும்.

இதை இரண்டு அல்லது மூன்று முறை செய்து சராசரி எடுத்துக்கொள்வது நல்லது. அளந்து வந்த நீர், சீட்டில் சொன்ன நீரைவிட மிகவும் குறைவாகவோ அதிகமாகவோ இருந்தால், மருந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்ட முயலக் கூடாது. அந்தத் தெளிப்பானுக்கு அந்த நாசில் பொருந்தவில்லை என்றே கொள்ள வேண்டும். பெரிய துளையோ சிறிய துளையோ உள்ள வேறு நாசிலைப் போட்டு மறுபடி அளக்க வேண்டும்.

நாசிலின் வெளியேற்றத்தை மட்டும் விரைவாகச் சரிபார்க்க வாளி முறை போதும். நாசிலை வாளிக்குள் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம் அடித்து, வந்த தண்ணீரை அளக்க வேண்டும். கைத்தெளிப்பானானால் நிமிடத்துக்கு எத்தனை முறை கைப்பிடியை அடித்தோம் என்பதையும் எண்ண வேண்டும். வயலிலும் அதே வேகத்தில் அடித்தால்தான் அந்த அளவு நிற்கும். பேட்டரி தெளிப்பானை முழு சார்ஜில் ஒரு முறையும், சார்ஜ் பாதி இறங்கிய பின் ஒரு முறையும் அளந்து பார்ப்பது நல்லது. சார்ஜ் குறையும்போது அழுத்தம் குறைந்துவிடும் வகைகளும் உண்டு.

டேங்கின் மேல் அளவுச் சீட்டு

ஒரு தடவை அளந்த கணக்கை மனத்தில் மட்டும் வைத்திருந்தால் அடுத்த பட்டத்துக்குள் மறந்துபோகும். அழியாத மையால் டேங்கின் மேலேயே எழுதிவிட வேண்டும். எந்த நாசில், அழுத்தத் திருகு எந்தக் கோட்டில், ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்ற நான்கு விவரங்கள் போதும். இரண்டு தெளிப்பானிலும் தனித்தனியே எழுதிவிட்டால், அடுத்த முறை நாசில் கை மாறும்போது வாளி முறையில் ஒரு நிமிடம் அடித்துப் பார்த்தாலே போதும். எழுதிய அளவு வந்தால் வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

மருந்தை மூடியால் அளக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரு கம்பெனி மூடிக்கும் மற்றொரு கம்பெனி மூடிக்கும் அளவு வேறுபடும். மில்லிக் கோடு போட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் ஜாடியை மருந்துக்கென்றே தனியாக வைத்திருக்க வேண்டும்.

மரை, வாஷர், வடிகட்டி

மாற்றி மாட்டும்போது மரை முழுவதும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றோடு நின்றுவிட்டால், ஒட்டுக்கு நூலோ துணியோ சுற்றி இறுக்கக் கூடாது. அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில் கசிந்து, மருந்து கையிலும் சட்டையிலும் வடியும். நாசிலோடு அதற்குரிய வாஷரும் வடிகட்டியும் சேர்ந்தே போக வேண்டும். கூம்பு வடிவ நாசிலில் துளை வட்டும் அதற்குப் பின்னால் சுழல் தகடும் இருக்கும். கழற்றும்போது சுழல் தகடு கீழே விழுந்துவிட்டால் கூம்பு அமையாது, நேராகப் பீய்ச்சும்.

துளை அடைத்துக்கொண்டால் ஊசியாலோ கம்பியாலோ குத்தக் கூடாது. குத்திய துளை பெரிதாகி, அளவு போய்விடும். வாயால் ஊதுவது மிகவும் ஆபத்து. தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அடைப்பு நீங்கும்.

நாளாக நாளாக நாசிலின் துளை தேயும். நனையும் தூள் மருந்துகளைக் கரைத்து அடிக்கும்போது தேய்மானம் அதிகம். அழுத்தம் கூடினாலும் சீக்கிரம் தேயும். அதனால் இரண்டு தெளிப்பானுக்கும் உழைக்கும் நாசில் இரட்டிப்பாகத் தேய்கிறது. புதியதாக இருந்தபோது வந்ததைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு அதிகமாக நீர் வந்தால், அதாவது 1 லிட்டர் வந்த இடத்தில் 1,100 மில்லி வந்தால், அந்த நாசிலை மாற்றிவிட வேண்டும்.

பகிரவே கூடாத இடங்கள்

எந்த நிலையிலும் களைக்கொல்லி அடித்த நாசிலைப் பூச்சி மருந்து அடிக்கும் தெளிப்பானுக்கு மாற்றக் கூடாது. 2,4-டி போன்ற களைக்கொல்லிகளைப் பருத்தி சிறிதும் தாங்காது. நாசிலிலும் ரப்பர் வாஷரிலும் வடிகட்டியிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும். பருத்தி இலைகள் வெண்டை இலையைப் போலப் பிளந்து நீண்டு உருமாறிவிடும். தக்காளியும் திராட்சையும் அப்படியே பாதிக்கப்படும். சோளத்துக்கும் கரும்புக்கும் களைக்கொல்லி அடித்த அண்ணனின் நாசில் தம்பியின் பருத்தி வயலுக்குப் போனால், வருஷம் முழுவதும் மனவருத்தம்தான் மிஞ்சும்.

வேறு வழியே இல்லாமல் தெளிப்பானைப் பொதுவில் பயன்படுத்துகிறவர்கள், டேங்க், குழாய், நாசில் மூன்றையும் சலவை சோடாக் கரைசலில் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவ வேண்டும். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே விட வேண்டும். வாய்க்காலிலோ கிணற்று மேட்டிலோ ஊற்றக் கூடாது. என்றாலும் களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்திருப்பதே பாதுகாப்பு. அதுவும் முடியாவிட்டால் நாசில், வாஷர், வடிகட்டியாவது தனியாக இருக்கட்டும். அவற்றில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் வைத்த விசைத் தெளிப்பானில் கைத்தெளிப்பான் நாசிலை மாட்டுவதும் கூடாது. 2 கிலோவில் வேலை செய்த நாசிலை 20 கிலோவில் போட்டால் நீர் மூன்று மடங்குக்கு மேல் வெளியேறும், துளிகள் புகையாகும், பிளாஸ்டிக் நாசில் பிய்த்துக்கொண்டு போகவும் கூடும். காற்றை ஊதி மருந்தைச் சிதறச் செய்யும் விசைத் தெளிப்பானின் முறையே வேறு. அதில் ஏக்கருக்கான நீர் குறையும், மருந்து குறையாது. அதற்கு அதன் சொந்தக் கணக்கு உண்டு.

இரண்டாவது நாசில் வாங்குவதே லாபம்

ஒரு வேளை மருந்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால், நாசிலின் விலை மிகக் குறைவு. நாற்பது பங்கு மருந்து வீணாவதை ஒரு முறை தடுத்தாலே அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது இரண்டாவது தெளிப்பானுக்குப் பொருத்தமான நாசில் ஒன்றை வாங்கி, அந்தத் தெளிப்பானிலேயே அளந்து, டேங்கில் எழுதி வைத்துவிடலாம்.

அதுவரை ஒரே நாசிலைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள், அதைக் கழற்றி மாட்டிய கையோடு வாளியில் ஒரு நிமிடம் அடித்து அளந்து பார்க்க வேண்டும். அடுத்து அடிக்கப்போவது களைக்கொல்லியானால், மரையில் கை வைக்கும் முன்பே, இது களைக்கொல்லி நாசில்தானா என்று சிவப்பு நூலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.